தம்பி பேரில் ஆடியவன்

எங்கள் அண்ணன் அன்பரசன் சென்னை சீனியர் டிவிஷனில் ஸ்ட்ரைக்கராக ஆடியவன். பேப்பரில் வந்திருக்கிறான். ஆனால் நீங்கள் எந்தப் பழைய பேப்பரைப் புரட்டினாலும் அன்பரசன் என்ற பேர் கிடைக்காது. எஸ். ஜெஸ்டன் என்றுதான் இருக்கும். ஜெஸ்டன் எங்கள் தம்பி. அவனுக்கும் ஃபுட்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பந்து பக்கத்தில் உருண்டு வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவான், அவ்வளவு மரியாதை.

நான் ஜெனிஃபா. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் மற்ற நான்கு பேரும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள்.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். ஷாப்பில் காலையில் மேஸ்திரி பேர் படிப்பார். பேருக்கு உரியவன் வர முடியவில்லை, ஜுரம், கல்யாணம், ஏதோ ஒன்று என்றால் அவன் வீட்டிலிருந்து வேறொருவன் போய் நிற்பான். அந்தப் பேரைப் படிக்கும்போது இவன் “இருக்கேன்” என்பான். வேலையும் நடக்கும், அவன் இடமும் போகாது. இப்படி நிற்பவனுக்குப் பதிலாள் என்று பேர். எங்கள் அப்பா சாமுவேல் அப்படித்தான் ஷாப்புக்குள் போனார். அதாவுல்லா என்ற தோஸ்த் சவுதிக்குப் போனபோது அவருக்குப் பதிலாளாக நின்றார். அதாவுல்லா திரும்பி வரவே இல்லை. அப்பா அந்தப் பேரிலேயே வருடக்கணக்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டினார். ரம்ஜான் அன்றைக்கு ஆபீஸ்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து ஈத் முபாரக் சொல்வார்கள். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுவார். பேர் என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. ஆள் போய் நின்றால் போதும்.

அண்ணன் பத்தாவதில் ஃபெயில். அதே ஷாப்பில் அவனையும் சேர்த்துவிட்டார்கள். அது அவன் சொந்தப் பேரில்தான், அந்த அளவுக்குப் பரவாயில்லை. பகலெல்லாம் டிரம்மில் ஈரத்தோலை ஏற்றுவான், இறக்குவான். சங்கு ஊதியதும் வீட்டுக்கு வரமாட்டான், நேராகப் பாலாற்றுக்கு ஓடுவான். எங்கள் பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தது கம்மி, மணல்தான். அந்த மணலில் வெறுங்காலில் பந்து துரத்தியே அவன் கால் இரும்பாகிவிட்டது. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. பதினேழு வயதில் பதினான்கு போல இருப்பான். கர்மம், அந்த உடம்புதான் அவனுக்கு வினையாக வந்தது.

தொண்ணூற்று நான்காம் வருடம். ஜெஸ்டன் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தோணி சார் என்று ஒரு பி.டி. மாஸ்டர். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாவட்ட டீம் அவர் பொறுப்பில் இருந்தது. நல்ல ஸ்ட்ரைக்கர் கிடைக்கவில்லை என்று அலைந்துகொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆற்று மணலில் அண்ணன் ஆடுவதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சாமுவேலு, உன் பெரிய பையன எனக்கு குடு. ஜோலார்பேட்டைல மேட்ச் இருக்குது.”

“அவன் ஸ்கூல விட்டு போய்ட்டானே சார். வயசும் ஜாஸ்தியாச்சே.”

“சின்னவன் ஸ்கூல்லதானே இருக்கான்? அவன் பேர்ல ஆடட்டும். மூஞ்சிலாம் ஒரே ஜாடதான்.”

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் பயம். “அது தப்பு இல்லியா சார்?” என்று கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

“யம்மா, எல்லா டீம்லயும் இதான் நடக்குது. ஜோலார்பேட்டைல வந்து பாருங்க, எத்தன பேரு மீசய மழிச்சிட்டு வந்து நிக்கறானுங்கன்னு.”

அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “பதிலாள்தானே சார்? இட்டுக்கினு போங்க,” என்றார். இவ்வளவுதான் நடந்தது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால்கூட எங்கள் அப்பா இதைவிட ஜாஸ்தி நேரம் எடுத்துக்கொள்வார்.

அண்ணனைக் கேட்டார்களா? கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். புல் முளைத்த மைதானத்தில், ரெஃப்ரி விசில் ஊத, நிஜமான கோல் போஸ்ட்டுக்குள் பந்து அடிக்கலாம் என்றால் அவன் என் பேரில்கூட ஆடியிருப்பான். ஜெஸ்டனுக்கோ மேட்ச் நடக்கும் நாளெல்லாம் வீட்டை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்ததே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜோலார்பேட்டை ரயில்வே மைதானத்துக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம். முதல் பாதியில் அந்தோணி சார் கோட்டுக்கு வெளியே நின்று “ஜெஸ்டா! டேய் ஜெஸ்டா!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று செவனே என்று நிற்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடைவேளையில் சார் அவன் காதைத் திருகி என்னவோ சொன்னார். இரண்டாவது பாதியில் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான். எதிர் டீம் கீப்பர் கையில் பட்டுத் தெறித்த பந்தை மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து உள்ளே தள்ளினான். அடுத்ததைத் தலையால் அடித்தான். மைக்கில் “கோல் அடித்தவர் ஜெஸ்டன், ஜெஸ்டன்” என்றார்கள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். நானும் தட்டினேன். எங்களுக்கு என்ன தெரியும்?

அந்த வருடம் மாவட்ட டீம் மாநிலக் கோப்பையை ஜெயித்தது. சர்டிபிகேட் கொடுத்தார்கள், எல்லாம் எஸ். ஜெஸ்டன் என்ற பேரில். அண்ணன் அதை வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிட்டு அந்தோணி சாரைப் பார்க்கப் போனான். நான் கூட இருந்தேன்.

“சார், இனிமே என் பேர்லயே ஆடறேன் சார். அன்பரசன்னு போட்டுக்குங்க.”

சார் முகம் சுருங்கிவிட்டது. “டேய், விளையாடறியா? அன்பரசன்னு போட்டா பழைய மேட்ச்ல ஆடினது யாருன்னு கேப்பானுங்க. கோப்பைய பிடுங்கிடுவாங்க. உன்கூட ஆடின பசங்க எல்லாரும் அந்த சர்டிபிகேட்ட வெச்சிதான் காலேஜ்ல சீட் கேக்கப் போறாங்க. அவங்க கதி? என் வேல? பேசாம ஆடுறா ராஜா. கோல் போட்டது உன் கால்தானே?”

அண்ணன் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தான். வீட்டு வாசலில் நின்று, “கால் என்னுதுதான். மத்ததுலாம் அவனுது,” என்றான். எனக்கு அப்போது அது பெரிசாகப் படவில்லை.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். வேடிக்கை என்னவென்றால் அவன் ஒவ்வொரு படி ஏற ஏறக் கீழே இறங்கும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. மாநில ஜூனியர் டீமில் எடுத்தார்கள், ஜெஸ்டன் பேரில். சென்னையில் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று சேர்த்துக்கொண்டது, ஜெஸ்டன் பேரில். சனிக்கிழமை ரயில் ஏறிப் போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை டிரம்முக்கு ஓடி வருவான். தாமதமானால் தெருவில் யாராவது அவனுக்குப் பதிலாள் நிற்பார்கள். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் சுண்ணாம்பு பட்டு அந்தப் புண் ஆறவே ஆறாது. நான் கம்பெனியில் ஜெர்மன்காரன் காலுக்கு மெத்து மெத்தென்று ஷூ தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அண்ணன் யாரோ போட்டுக் கழித்த ஸ்டட்ஸ் ஷூவுக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு ஆடினான்.

தம்பி பாடு வேறு மாதிரி. அவன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து வாணியம்பாடியில் பி.காம். சேர்ந்திருந்தான். பேப்பரில் பேர் வந்த மறுநாள் காலேஜில் எல்லாரும் அவன் முதுகில் தட்டுவார்களாம். “இன்னா மச்சி, ரெண்டு கோலாமே, ட்ரீட் எங்க?” இவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பான். ஒரு நாள் காலேஜ் டீமுக்கு ஆள் குறைகிறது என்று அவனைத் தரதரவென்று மைதானத்துக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். இவன் முட்டிவலி என்று நொண்டி நொண்டி நடந்து தப்பித்தானாம். ஒரு தடவை நொண்டினால் சரி. இவன் அந்த வருடம் முழுக்க நொண்ட வேண்டியதாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும்தான் நேராக நடப்பான். நாங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவன் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தொண்ணூற்று ஒன்பதில்தான் இடி விழுந்தது. மற்றவர்களுக்கு அது அதிர்ஷ்டம். சென்னையில் ஒரு பேங்க் டீம், சீனியர் டிவிஷன். அண்ணன் ஆடியதைப் பார்த்துவிட்டு விளையாட்டு கோட்டாவில் கிளார்க் வேலையே தருகிறோம் என்றார்கள். காலையில் பிராக்டிஸ், மத்தியானம் கவுன்ட்டர். ஃபுட்பால் ஆடுவதற்கே மாதச் சம்பளம். பாலாற்று மணலில் ஆடும் எந்தப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் கனவு என்று சொல்வான். ஆனால் வேலைக்கு பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும். விளையாட்டு சர்டிபிகேட்டும் படிப்பு சர்டிபிகேட்டும் ஒரே பேரில் இருக்க வேண்டும். எங்கள் அன்பரசன் பத்தாவது ஃபெயில். எங்கள் ஜெஸ்டன் பிளஸ் டூ பாஸ்.

ஜெஸ்டனின் ஒரிஜினல் எல்லாம் காலேஜில் இருந்தது. அதை வாங்க வேண்டுமென்றால் அவன் படிப்பை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் பிறகு எங்கே போனாலும் அவன் தன் பேரைக் காட்ட முடியாது. பேங்கில் ஒரு ஜெஸ்டன் உட்கார்ந்திருக்கும்போது வெளியில் இன்னொரு ஜெஸ்டன் எப்படி வேலை கேட்பான்?

கோவில் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பாதான் ஆரம்பித்தார்.

“யார் பேர்ல வந்தா இன்னா? வூட்டுக்கு ஒரு பேங்க் வேல வருது. சின்னவன் பெரியவனுக்கு பதிலா ஷாப்புக்கு போகட்டும். இவன் அங்க போகட்டும். கணக்கு நேராய்டும்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! “இன்னாப்பா நேராவும்? அவன் படிக்கறான். கம்பெனில ஷிப்பிங் செக்‌ஷன்ல சேரணும்னு கம்ப்யூட்டர் கிளாஸ் வேற போறான். அவன புடிச்சி சுண்ணாம்புல இறக்கறேன்னு சொல்றியே, உனக்கு மனசு இருக்குதா?”

“நீ சும்மா இரு, ஜெனிஃபா,” என்றாள் அம்மா.

“ஏன் சும்மா இருக்கணும்?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “வேணாம்பா. நான் ஷாப்புலயே இருந்துக்கறேன்,” என்றான். இருபத்திரண்டு வயது ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான். அதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? அம்மாவும் அழ ஆரம்பித்தாள். “அன்பரசன்னு சொல்லிக்கினு புதுசா எங்கனா ஆடேன் அண்ணா,” என்று நான் சொன்னேன். அதற்கு அவன், “அன்பரசன்னு ஒருத்தன் இதுவரைக்கும் எங்கயும் ஆடினதே இல்ல, ஜெனி. ஆடினவன் எல்லாம் ஜெஸ்டன்தான். இந்த வயசுல அன்பரசன யார் சேத்துப்பான்?” என்றான்.

கடைசியில் தம்பி, “நான் முடியாதுன்னு சொன்னா விட்டுடுவீங்களா?” என்று கேட்டான். எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தான். எழுந்து போய்க் காலேஜ் பையைப் பரண்மேல் போட்டான்.

அடுத்த திங்கட்கிழமை ஷாப்பில் மேஸ்திரி இஷ்தியாக் அகமது பாய் “அன்பரசன்” என்று படித்தார். ஜெஸ்டன் “இருக்கேன்” என்றான். பாய் நிமிர்ந்து பார்த்தாராம். “பழைய ஆளு வரமாட்டானா?” “வரமாட்டான் பாய்.” “சரி, போய் தொட்டில இறங்கு.” அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு ஆளை இன்னொரு ஆளாக மாற்ற இதுவே போதும். ஒரு வாரத்தில் அவன் உள்ளங்கை தோல் உரிந்து வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது நான்தான். எண்ணெய் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். “எரியுதாடா?” என்றால், “அன்பரசனுக்கு எரியுது,” என்பான். கிண்டல்தான். எனக்கு அழுகை வந்துவிடும்.

அண்ணன் சென்னையில் நன்றாக ஆடினான், அதை மறைக்கக் கூடாது. முதல் சீசனிலேயே பேங்க் டீமில் அவன்தான் ஜாஸ்தி கோல். நேரு ஸ்டேடியத்தில் லைட் போட்ட மேட்ச் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனான். அவன் பந்தோடு திரும்பினால் கேலரி முழுக்க “ஜெஸ்டன், ஜெஸ்டன்” என்று எழுந்து நிற்கும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எழுந்து அன்பரசன் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. மேட்ச் முடிந்ததும் டீம் கோல்கீப்பர் ஷாஜின் வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், அண்ணனோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவன். ரொம்ப நல்ல மாதிரி. “நீங்க ஜெஸ்டனுக்கு தங்கச்சியா அக்காவா?” என்று கேட்டான். இதற்கு நான் என்ன சொல்வது? அன்பரசனுக்கு நான் தங்கச்சி, ஜெஸ்டனுக்கு அக்கா. அண்ணன் என் முகத்தையே பார்த்தான். “அக்கா,” என்றேன். அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னால் என் சொந்த அண்ணன் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். முதல் தடவை சிரிப்பாக இருந்தது. அப்புறம் சென்னைக்கே நான் போகவில்லை.

அவனும் ஊருக்கு வருவது கம்மியாகிவிட்டது. வந்தாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவான். தெருவில் யாராவது “இன்னாபா அன்பு, சௌக்கியமா?” என்று கேட்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். டீம் ஆட்கள் ஆம்பூர் பிரியாணி சாப்பிட உன் வீட்டுக்கு வருகிறோம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அம்மாவுக்கு ஜுரம், தெருவில் தண்ணீர் இல்லை, ஊரில் கலாட்டா. பேஜாராகிப் போய் அவனைக் கஞ்சன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சு எடுத்தாள் அம்மா. அணைக்கட்டில் ஒரு டீச்சர் பெண், பேர் அக்சா, எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவனுக்கும் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார்கள். எந்தப் பேரை வாசிப்பது? அன்பரசன் என்று வாசித்தால் பேங்க் ஆட்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாது. ஜெஸ்டன் என்று வாசித்தால் தம்பிக்கு என்றைக்கும் கல்யாணம் இல்லை. அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அண்ணன் அந்த மாதம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு தமிழ்ப் பேப்பரில் அவன் பேட்டி வந்தது, போட்டோவோடு. யாரைப் பார்த்து ஆட வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் சொல்லியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: “எங்க அண்ணன் அன்பரசன்தான். என்னைவிட நல்லா ஆடுவான். குடும்ப கஷ்டத்துல ஷாப்பு வேலைக்கு போய்ட்டான். அவன் ஆடியிருந்தா எங்கயோ போயிருப்பான்.” கம்பெனி பஸ்ஸில் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். செத்துப்போனவனைப் பற்றிப் பேசுவதுபோல் ஒருவன் தன்னைப் பற்றியே பேசுவானா?

அடுத்த தடவை அவன் வீட்டுக்கு வந்தபோது தம்பி சுண்ணாம்பு வாடையோடு வந்து நின்றான். “பேட்டி படிச்சேன். உங்க அண்ணன பத்தி நல்லாதான் சொல்லிருக்க,” என்றான்.

அண்ணன் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “ஜெஸ்டா, போதும்டா. என்னால முடியல. நான் போய் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். வேலைய விட்டுட்டு வந்துடறேன். உன் பேர நீ எடுத்துக்க.”

தம்பி கையை உருவிக்கொண்டான். “சொல்லிட்டு? அப்புறம் கேஸ் போடுவான். யார் மேல போடுவான்? ஜெஸ்டன் மேல. சர்டிபிகேட் யாருது? ஜெஸ்டன்து. அத குடுத்தது யாரு? நான். நீ உண்மைய சொன்னாலும் மாட்டறது நான்தான், சொல்லாட்டியும் மாட்டிக்கினு இருக்கறது நான்தான். ஒழுங்கா போய் ஆடு.”

“அப்ப நான் இன்னாடா பண்றது?”

“கோல் போடு. பேராவது நல்லா இருக்கட்டும்.”

அண்ணன் வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமலே மத்தியான ரயிலுக்குப் போய்விட்டான். அம்மா இலையைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு என்னைத் திட்டினாள். வேறு யாரைத் திட்டுவாள், பாவம்.

இரண்டாயிரத்து மூன்று மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். நுரையீரல். ஷாப்பு ஆட்களுக்கு எப்படி வருமோ அப்படித்தான் வந்தது. அண்ணன் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு விடியற்காலை ரயிலில் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் எல்லாம் “அன்பு, மனச தேத்திக்கப்பா” என்றார்கள், அவனும் தலையாட்டினான்.

மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பேங்க் டீம். கோச், மேனேஜர், பதினைந்து பேர், பெரிய மலர் வளையம். வளையத்தில் எங்கள் சகோதரர் ஜெஸ்டனின் தந்தைக்கு என்று எழுதியிருந்தது. ஷாஜின்தான் ஆபீஸில் விலாசம் கேட்டு எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான். அன்பால் வந்தவர்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? அண்ணன் அப்பாவின் காலை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

எனக்கு அழக்கூட நேரமில்லை. தெருவாசல் தெருவாசலாக ஓடினேன். “அன்புன்னு யாரும் வாய தொறக்காதீங்க, உங்க கால்ல விழறேன்,” என்றேன். எங்கள் தெரு நல்ல தெரு, எல்லாருக்கும் எல்லாம் தெரியும், புரிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி அக்காவுக்கு மட்டும் விஷயம் எட்டவில்லை. “அன்பு கண்ணு, அப்பா போய்ட்டாரேடா” என்று ஓலமிட்டுக்கொண்டு அண்ணனைக் கட்டிக்கொள்ள வந்தாள். நான் குறுக்கே புகுந்து அவளைத் திருப்பி ஜெஸ்டன் மேல் சாய்த்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அழுகையை நிறுத்தவில்லை, கிடைத்தவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். அப்போது எங்கள் சபைக்கு வந்திருந்த பாஸ்டர் சாந்தகுமார் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்களில் யார் யார் என்று முகம் தெரியாது. காலையில் அம்மாவிடம் பிள்ளைகள் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டார். அம்மா அழுகையில் இருந்தாள், பெற்ற வரிசையில் உள்ளபடி சொல்லிவிட்டாள். ஜெபம் முடிந்தது. பாஸ்டர் மண்ணைத் தூவிவிட்டு நிமிர்ந்தார். எங்கள் வழக்கத்தில் குடும்பத்தில் முதல் மண் மூத்த மகன் போட வேண்டும்.

“மூத்த மகன் அன்பரசன், முன்ன வாங்க.”

அண்ணன் காலை எடுத்து வைத்தான். யோசிக்கவில்லை. பெற்ற அப்பாவுக்கு மண் போட எந்தப் பிள்ளை யோசிப்பான்?

பின்னாலிருந்து ஷாஜின் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப மெதுவாக, ஆறுதலாகத்தான் பிடித்தான். “ஜெஸ்டா, இருடா. மொதல்ல அண்ணன் போடட்டும். நீ அப்புறம்.”

அண்ணன் திரும்பி ஷாஜினைப் பார்த்தான். வாய் திறந்தது. நான் குழிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடு அண்ணா, சொல்லித் தொலைத்துவிடு, என்ன வந்தாலும் வரட்டும் என்று மனசுக்குள் கத்தினேன். தெரு ஜனங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா அவனையே பார்த்தாள். பேங்க் மேனேஜர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தார். பாஸ்டர் யார் அன்பரசன் என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பேரைச் சொன்னார்.

ஜெஸ்டன் அசையவில்லை. அண்ணன் போகட்டும் என்றுதான் அவன் நின்றான், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு நாளாவது பேர் அவனவனிடம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பான்.

அண்ணன் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தன்னைவிட மூன்று வயது சின்னவனைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “போண்ணா,” என்றான். “நீ மொதல்ல போடுண்ணா.”

ஜெஸ்டன் குனிந்து மண்ணை அள்ளினான்.